பச்சை விகிதமா, யூரோவா?

1969 ஆகஸ்டில் பிரான்ஸ் தன் ஃபிராங்கின் மதிப்பை 11.1 சதவீதம் குறைத்தது. கோதுமைக்கும் வெண்ணெய்க்கும் ஐரோப்பியப் பொதுச் சந்தை முழுக்க ஒரே விலை என்ற ஏற்பாடு ஆட்டம் கண்டது. அப்புறம் விவசாய விலைக்கென்று ‘பச்சை விகிதம்’ என்ற தனி நாணய மாற்று விகிதம் வைத்து, சந்தை விகிதத்தோடு வரும் வித்தியாசத்தை எல்லையில் வரியாகவோ மானியமாகவோ சரிக்கட்டினார்கள். 1970களில் பவுண்டு சரிந்தும், பிரிட்டன் தன் ‘பச்சை பவுண்டை’ உயர்த்தியே வைத்திருந்தது. அதனால் டென்மார்க்கின் பேக்கன் (பதப்படுத்திய பன்றி இறைச்சி) பொதுச் சந்தையின் மானியத்தில் மலிவாக வந்து இறங்கியது. வாங்குகிறவருக்குச் சரி, பிரிட்டனில் பன்றி வளர்த்தவருக்கு அது அநியாயம்.

யூரோவில் இந்தக் கணக்கே இல்லை. 1999 முதல் யூரோ நாடுகளுக்குள் மாற்று விகிதமே கிடையாது. எனக்கு இதுதான் மேல். ஆனால் நாணய மதிப்பைக் குறைத்து ஏற்றுமதியைத் தூக்கிவிடும் வழியும் அந்த நாடுகளுக்கு அதோடு போய்விட்டது.