பி1என்பி ஆன்டிபாடி: பாலிக்ளோனலா, ரீகாம்பினன்டா?

கோயமுத்தூர்ல எங்க லேப்ல மனுச ஃபைப்ரோபிளாஸ்ட் செல்லு வளத்து, அதுல புதுசா கொலாஜன் எவ்வளவு உருவாகுதுன்னு பாக்குறோமுங்க. அதுக்கு பி1என்பில மட்டும் போய் ஒட்டற ஆன்டிபாடி வேணும்; முயல் பாலிக்ளோனல் (பல ஆன்டிபாடி கலந்தது), முயல் ரீகாம்பினன்ட் மோனோக்ளோனல் (ஜீன் சீக்வன்ஸ வச்சு தயாரிக்கற ஒரே ஆன்டிபாடி) ரெண்டையும் வாங்கி ஓட்டிப் பாத்துட்டு இப்ப ரீகாம்பினன்டுலயே நிக்கிறோம், அதனால நான் பேசறது அந்தப் பக்கம் சாஞ்சுதான் இருக்கும்.

டைப் 1 கொலாஜன் மொதல்ல புரோகொலாஜனாத்தான் உருவாகுது, அப்புறம் அடாம்ட்ஸ்2 மாதிரி என்சைம் அதோட N-நுனிய (புரதச் சங்கிலி தொடங்கற முனை) வெட்டி விட்டுரும், அந்தத் துண்டுதான் பி1என்பி. கொலாஜன்ல இருக்கற ஒரு அமினோ அமிலத்த அளக்கற ஹைட்ராக்சிபுரோலின் டெஸ்ட்ல பழைய கொலாஜன், புதுசு எல்லாம் சேந்து வந்துரும், இதுல புதுசு மட்டுந்தான். எலும்பு உருவாக்கத்துக்கு ரத்தத்துல பாக்க வேண்டிய ரெஃபரன்ஸ் மார்க்கர்னு 2011ல ஐஓஎஃப்பும் (சர்வதேச ஆஸ்டியோபோரோசிஸ் அமைப்பு) ஐஎஃப்சிசியும் (சர்வதேச கிளினிக்கல் கெமிஸ்ட்ரி கூட்டமைப்பு) பரிந்துரைச்சதும் இதத்தான்.

விலை பாலிக்ளோனல்தான் கம்மி. பல எபிடோப்புல (புரதத்துல ஆன்டிபாடி ஒட்டற எடம்) போய் ஒட்டறதால சிக்னலும் நல்லாவே வரும். ரெண்டுமே முயலுங்கறதால செகண்டரி ஆன்டிபாடிய (மொதல் ஆன்டிபாடி மேல ஒட்டி சிக்னல் குடுக்கறது) மாத்த வேண்டியதில்ல.

ஆனா லாட்டு (ஒரு தடவையில தயாரிச்ச தொகுதி) மாறும்போதுதான் விசயமே இருக்கு. பாலிக்ளோனல் ஒரு முயலோட சீரத்துலருந்து வருது, அந்த முயல் போனா அடுத்த முயல், அதோட ஆன்டிபாடிக் கலவையே வேற. திருப்பூர்ல டையிங் பண்றவங்களுக்குத் தெரியும், ஒரே கலர்னு எழுதியிருந்தாலும் லாட் மாறுனா ஷேடு மாறிரும், அந்தக் கதைதான். எங்களுக்குப் பழைய லாட்டுல வெஸ்டர்ன் பிளாட்ல (புரதத்தப் பிரிச்சு ஆன்டிபாடியால கோடாக் காட்டற முறை) 1:1000 டைல்யூஷன்ல பளிச்சுன்னு வந்த பேண்டு, அடுத்த லாட்டுல அதே டைல்யூஷன்ல மங்கிப் போயி, கீழ வேண்டாத பேண்டும் சேந்து வந்துச்சு, அப்புறம் டைல்யூஷன், பிளாக்கிங் எல்லாம் மறுபடி மொதல்லருந்து செட் பண்ணணும், போன வருசத்து பிளாட்டோட இந்த வருசத்தத ஒண்ணா வச்சு ஒப்பிடவும் முடியாது. பிஎச்டி வேலை வருசக்கணக்கா இழுக்கும், அதுக்கு இது சரிப்பட்டு வராதுங்க. ரீகாம்பினன்டுல ஆன்டிபாடியோட சீக்வன்ஸே கையில இருக்கு, எத்தனை தடவ தயார் பண்ணாலும் அதே மூலக்கூறுதான். விலையில கூடக் குடுக்கறது இதுக்குத்தான்.

எலும்பத் மெலிசா வெட்டிப் பாக்கற செக்ஷன்ல எனக்கு அனுபவம் கம்மிங்க. ஃபார்மலின்ல போட்டு டீகால்சிஃபை பண்ண (கால்சியத்த எடுத்த) திசுல ஒரே எபிடோப்ப நம்பியிருக்கற மோனோக்ளோனலுக்கு அது மறைஞ்சு போச்சுன்னா ஒண்ணும் தெரியாது, அங்க பாலிக்ளோனலுக்கு வாய்ப்பு ஜாஸ்தி. அதத்தான் வாங்கறீங்கன்னா மொத்த வேலைக்கும் ஒரே லாட்டா கேட்டு வாங்கி, சின்னச் சின்ன அலிக்வாட்டாப் பிரிச்சு மைனஸ் 20ல வச்சுருங்க, கரண்ட் போயி உருகி உருகி உறைஞ்சா எந்த ஆன்டிபாடியும் தாங்காது.

எத வாங்கினாலும் மீடியத்துல அஸ்கார்பிக் ஆசிட் சேத்த செல்லையும் சேக்காத செல்லையும் பக்கத்துல பக்கத்துல ஓட்டிப் பாருங்க. அது இல்லீனா புரோலின் சரியா ஹைட்ராக்சிலேட் ஆகாது, புரோகொலாஜன் வெளிய வர்றதே கொறஞ்சுரும், நாம ஆன்டிபாடியக் கொற சொல்லிட்டு உக்காந்திருப்போம்.