திடீரென அணையும் லேப்டாப்: கூலிங் பேடா, பேஸ்டா, செட்டிங்கா, புதுசா?

சித்திரை பிறந்துவிட்டால் திருநெல்வேலிப் பக்கம் லேப்டாப் வைத்திருக்கிறவர்களிடமிருந்து ஒரே புகார்தான் வரும். வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போதே பொசுக்கென்று அணைந்துவிடுகிறது, அடிப்பக்கம் கை வைக்க முடியவில்லை, கொஞ்ச நேரம் ஆறவிட்டால் மறுபடி ஓடும், மறுபடி அணையும். இதற்கு ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொல்கிறார்கள். அடியில் வைக்கும் ஃபேன் பலகையான கூலிங் பேடு வாங்கு என்பார் ஒருவர், உள்ளே சிப்புக்கும் செம்புத் தகட்டுக்கும் நடுவில் தடவியிருக்கும் பேஸ்டை மாற்று என்பார் இன்னொருவர், செட்டிங்கில் ஒரு எண்ணை மாற்றினால் போதும் என்பார் மூன்றாமவர், இனி இது தேறாது என்பார் கடைக்காரர். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செட்டிங்கை இன்றைக்கே மாற்றுங்கள், அதற்குக் காசு வேண்டாம். காசு செலவழிப்பதென்றால் முதலில் திறந்து சுத்தம் செய்து பேஸ்ட் மாற்றுவதற்குக் கொடுங்கள். கூலிங் பேடு கடைசி. ஆனால் பலரும் முதலில் வாங்குவது அதைத்தான்.

ஏன் இந்த வரிசை என்றால், சூடு வெளியேறும் பாதையைப் பார்க்க வேண்டும். பிராசஸர் சிப்பில் பிறக்கிற சூடு பேஸ்ட் வழியாகச் செம்புத் தகட்டுக்குப் போகிறது, அங்கிருந்து செம்புக் குழாய் வழியாக ஓரத்தில் இருக்கும் மெல்லிய தகட்டு அடுக்குக்கு, அந்த அடுக்கின் இடுக்குகளில் ஃபேன் ஊதும் காற்று அதை வெளியே தள்ளுகிறது. ஒவ்வொரு வைத்தியமும் இந்தப் பாதையில் ஏதோ ஒரு இடத்தைத்தான் தொடும். உங்கள் லேப்டாப்பில் எந்த இடம் அடைத்திருக்கிறது என்று தெரியாமல் காசு போட்டால் அது வீண்.

இன்னொன்று, நல்ல நிலையில் இருக்கும் லேப்டாப் சூட்டினால் சட்டென்று அணையாது. இன்டெல் பிராசஸர்கள் பலவற்றுக்கு உச்ச வரம்பு 100 டிகிரி செல்சியஸ், ஏஎம்டியில் பலவற்றுக்கு 95. அந்த வரம்பை நெருங்கியதும் அதுவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். குறைத்தும் சூடு ஏறிக்கொண்டே போனால்தான் சிப்பைக் காப்பாற்றக் கரண்டை வெட்டும். அதாவது அணைகிற அளவுக்கு வந்துவிட்டதென்றால் பாதையில் ஏதோ ஒன்று கிட்டத்தட்ட முழுசாக அடைத்துவிட்டது, அல்லது ஃபேன் நின்றுவிட்டது. மெலிசான மாடல்களில் கனமான வேலையின்போது 90ஐத் தாண்டுவது மட்டும் நோய் ஆகாது. அணைவதுதான் நோய்.

சரி, அணைவது சூட்டினால்தானா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். எச்டபிள்யூஇன்ஃபோ (HWiNFO) என்ற இலவச மென்பொருளைப் போட்டு, அதில் சென்சார் பதிவை ஓடவிடுங்கள். அணைந்தபின் திரும்பப் போட்டு அந்தக் கோப்பின் கடைசி வரிகளைப் பார்த்தால் சாகும்போது சூடு எவ்வளவு என்று தெரிந்துவிடும். 95க்கு மேல் என்றால் மேலே படியுங்கள். 60, 70லேயே அணைந்திருந்தால் பேட்டரி, ராம், போர்டு, அடாப்டர் என்று தேட வேண்டும், அதற்குப் பேஸ்ட் மாற்றி ஒரு பயனும் இல்லை. விண்டோஸின் நிகழ்வுப் பதிவான ஈவன்ட் வியூவரில் கர்னல் பவர் 41 என்று ஒன்று நிற்கும், அதைப் பார்த்துப் பலர் பவர் சப்ளை போச்சு என்று முடிவு கட்டுகிறார்கள். ஒழுங்காக மூடாமல் நின்றுபோனது என்பதற்கு மேல் அது காரணம் எதுவும் சொல்வதில்லை. சார்ஜரில் ஓடும்போது நன்றாக இருந்து, உருவியதும் மட்டும் அணைந்தால் பேட்டரி மேல் சந்தேகப்படுங்கள். டச்பேடு மேலே எழும்பி நின்றாலோ மூடி சரியாக மூடாவிட்டாலோ பேட்டரி உப்பியிருக்கலாம். அதைச் சார்ஜ் போடாதீர்கள், அமுக்கிப் பார்க்காதீர்கள், உடனே கடைக்குக் கொண்டுபோங்கள். லோ வோல்டேஜ்தான் காரணம் என்று ஒரு பேச்சு எப்போதும் உண்டு, ஆனால் பெரும்பாலான அடாப்டர்கள் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும், அதன் பின்பக்கத்திலேயே அச்சிட்டிருக்கும்.

சூடுதான் என்று தெரிந்தபின், அது ஏறும் விதத்தைக் கவனியுங்கள். கனமான வேலை எதையாவது ஓடவிட்டதும் சில விநாடிக்குள் 50லிருந்து 95க்குத் தாவினால் சிப்புக்கும் செம்புத் தகட்டுக்கும் இடையில் கோளாறு, பேஸ்ட் காய்ந்திருக்கும் அல்லது ஸ்க்ரூ தளர்ந்திருக்கும். ஐந்து, பத்து நிமிடம் எடுத்து மெல்ல மெல்ல ஏறினால் காற்றுப் பாதையில் கோளாறு, அதாவது தூசி அல்லது ஃபேன். இந்த ஒரு சோதனை செய்துவிட்டுக் கடைக்குப் போனால் அங்கே பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

இப்போது கூலிங் பேடு. ஆயிரம் ரூபாய்க்கு முன்பின்னாகக் கிடைக்கிறது, நீல விளக்கு எரிகிறது, கீழேயிருந்து காற்று அடிக்கிறது. ஆனால் உள்ளே தகட்டு இடுக்குகள் தூசியால் அடைத்திருக்கும்போது வெளியே எவ்வளவு காற்று அடித்து என்ன? மடையில் அமலைச் செடி அடைத்துக் கிடந்தால் கால்வாயில் எவ்வளவு தண்ணீர் விட்டாலும் வயலுக்கு ஏறாது, அதே கதைதான். உள்பக்கம் சுத்தமாக இருக்கிற லேப்டாப்பில், அடிப்பக்கம் காற்று இழுக்கும் துளைகள் உள்ள மாடலில், பேடு சில டிகிரி குறைக்கும். அதிலும் பெரும் பங்கு, லேப்டாப்பைத் தரையிலிருந்து தூக்கி வைப்பதால் வருவது. பின்பக்க ஓரத்தின் கீழ் இரண்டு ரப்பரோ பாட்டில் மூடியோ வைத்தால் அந்தப் பங்கு இலவசமாகக் கிடைத்துவிடும். மெத்தையிலும் தலையணையிலும் வைத்து ஓட்டுவதை நிறுத்துவது இதைவிடப் பெரிய லாபம். சூடான காற்று வெளியேறும் வாயிலில் மாட்டி உறிஞ்சுகிற குட்டிக் கருவிகளும் வருகின்றன, சத்தம்தான் அதிகம், நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பேடுக்கு எதிரே செட்டிங்கை வைத்தால் செட்டிங் எளிதாக ஜெயிக்கிறது. கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ், அதில் அட்வான்ஸ்டு, பிராசஸர் பவர் மேனேஜ்மென்ட், மேக்ஸிமம் பிராசஸர் ஸ்டேட். அங்கே 100 என்று இருப்பதை 99 ஆக்குங்கள். ஒரு சதவீதம் குறைத்ததற்கு இவ்வளவு வித்தியாசமா என்று தோன்றும், விஷயம் என்னவென்றால் 100க்குக் கீழே இறங்கியதும் பெரும்பாலான மாடல்களில் டர்போ என்ற கூடுதல் வேகம் அணைந்துவிடும். கூடுதல் வேகத்துக்குக் கூடுதல் வோல்டேஜ் வேண்டும், வோல்டேஜ் ஏறினால் சூடு அதன் வர்க்கத்தில் ஏறும், அதனால் கடைசிக் கொஞ்ச வேகத்துக்குத்தான் மிக அதிகச் சூட்டை விலையாகக் கொடுக்கிறோம். பத்து டிகிரிக்கு மேல் இறங்குவது சாதாரணம். இழப்பும் இருக்கிறது, மறைக்க வேண்டாம். ஐ5 8250யூ என்ற பிராசஸரை எடுத்துக்கொண்டால் அடிப்படை வேகம் 1.6 கிகாஹெர்ட்ஸ், டர்போவில் 3.4. டைப் அடிக்க, ஆன்லைன் வகுப்புக்கு, இ-சேவை விண்ணப்பம் போட இந்த இழப்பு பெரிதாகத் தெரியாது. கல்யாண வீடியோ எடிட் செய்கிறவருக்குக் கட்டாயம் தெரியும், அவருக்கு இது தற்காலிகக் கட்டுதான். சில புது மாடல்களில் இந்த வரி கண்ணுக்குப் படாது, அப்போது கம்பெனி கொடுத்த ஆப்பில் சத்தம் குறைந்த மோடைத் தேர்ந்தெடுங்கள், கிட்டத்தட்ட அதே வேலையைச் செய்யும். வோல்டேஜை மட்டும் குறைக்கும் அண்டர்வோல்டிங் இன்னும் நல்ல வழி, ஆனால் 2019 டிசம்பரில் பிளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்புக் குறை வெளிவந்தபின் பல கம்பெனிகள் பயாஸ் (லேப்டாப்பை எழுப்பும் அடிப்படை மென்பொருள்) அப்டேட்டில் அதைப் பூட்டிவிட்டன.

ஆனாலும் செட்டிங் அடைப்பை எடுக்காது. சூட்டைக் குறைவாகப் பிறக்கவைக்கிறது, அவ்வளவுதான். அடைப்பை எடுக்கத் திறந்துதான் ஆக வேண்டும்.

நம் ஊர்த் தூசியைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். பணகுடி, வள்ளியூர், ராதாபுரம் பக்கம் ஆனி ஆடிக் காற்று வீசும்போது வீட்டுக்குள் மண் படியாத இடமே கிடையாது. திசையன்விளைப் பக்கம் தேரிச் செம்மண். முக்கூடல், ஆலங்குளம் மாதிரி பீடி சுற்றுகிற வீடுகளில் புகையிலைத் தூள். இதெல்லாம் தலைமுடி, பஞ்சு இழைகளோடு சேர்ந்து ஃபேனுக்கும் தகட்டு அடுக்குக்கும் நடுவில் ஒரு கம்பளித் துண்டு மாதிரி படிந்துவிடும். வெளியே இருந்து பார்த்தால் தெரியவே தெரியாது, ஏனென்றால் அது உட்பக்கம் இருக்கிறது. அதனால்தான் கடைகளில் திறக்காமல் புளோயரை வைத்து ஒரு ஊது ஊதிக் கொடுப்பதை நான் சுத்தம் என்று சொல்ல மாட்டேன். தூசி கிளம்பி உள்ளேயே வேறு இடத்தில் படியும், ஒரு மாதம் நன்றாக ஓடி மறுபடி பழைய கதை. ஃபேன் இறக்கையைப் பிடித்துக்கொள்ளாமல் புளோயர் அடித்தால் அது தாறுமாறாகச் சுற்றிப் பேரிங் வேறு கெடும்.

எனவே கடைக்காரரிடம் தெளிவாகக் கேளுங்கள்: "அண்ணாச்சி, ஃபேனைக் கழற்றித் தகட்டைச் சுத்தம் பண்ணி, பேஸ்ட்டும் மாத்துவீங்களா, இல்ல வெறுமனே ஊதித் தருவீங்களா? என்ன பேஸ்ட் போடுவீங்க?" ஊசிக்குழலில் வரும் மலிவான வெள்ளைப் பேஸ்ட் சீக்கிரம் காய்ந்துவிடும். ஆர்க்டிக் எம்எக்ஸ்-4 அல்லது எம்எக்ஸ்-6 சில நூறு ரூபாய்தான், நீங்களே வாங்கிக்கொண்டு போய்க் கொடுங்கள், நல்ல மெக்கானிக் அதற்குக் கோபப்பட மாட்டார். ஹனிவெல் பிடிஎம்7950 என்ற தாள் வடிவப் பொருள் லேப்டாப் சிப்புகளுக்கு இன்னும் நீடித்து உழைக்கும், ஆனால் போலிகள் ஏராளம், நம்பகமான இடத்தில் மட்டும் வாங்குங்கள். பேஸ்டுக்குப் பதில் சிலர் போடும் லிக்விட் மெட்டல் என்ற திரவ உலோகம் வேண்டவே வேண்டாம், அது மின்சாரம் கடத்தும், அலுமினியத்தை அரிக்கும்.

நாமே திறக்கலாமா? கை நடுங்காமல் சின்ன ஸ்க்ரூக்களைக் கழற்றி வரிசையாக வைக்கத் தெரிந்தவர்கள் திறக்கலாம். முதல் வேலை பேட்டரி கனெக்டரைப் பிடுங்குவது. செம்புத் தகட்டு ஸ்க்ரூக்களில் 1, 2, 3, 4 என்று எண் இருக்கும், மாட்டும்போது அந்த வரிசையில் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். பழைய பேஸ்டை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள். பக்கத்துச் சிப்புகள் மேல் மெத்தென்று இருக்கும் தெர்மல் பேடு கிழிந்தால் அதே தடிமனில்தான் மாற்ற வேண்டும். வாரண்டி இருந்தால் இதில் இறங்காமல் கம்பெனி சர்வீஸ் சென்டருக்கே போய்விடுங்கள், நாள் ஆனாலும் பரவாயில்லை.

ஃபேன் கரகரவென்று கத்தினால் எண்ணெய் விடுவதா, மாற்றுவதா? எண்ணெய் சில வாரம் தாங்கும். மாடலுக்கு ஏற்ற ஃபேன் திருநெல்வேலி ஜங்ஷனிலோ வண்ணார்பேட்டையிலோ இல்லாவிட்டாலும் சென்னை ரிச்சி தெருவிலிருந்து வரவழைத்துத் தருவார்கள். மாற்றிவிடுங்கள்.

அறையையும் கணக்கில் சேருங்கள். பல கம்பெனிகள் 35 டிகிரி வரையான சூழலுக்கு என்றுதான் தங்கள் லேப்டாப்பைப் பற்றிச் சொல்கின்றன, அக்னி நட்சத்திரத்தில் பாளையங்கோட்டையில் வெயில் அதைத் தாண்டிவிடுகிறது, மொட்டை மாடிக்குக் கீழே இருக்கிற ரூமில் ராத்திரியிலும் தளம் சூட்டைக் கக்கும். அறையில் ஐந்து டிகிரி குறைந்தால் சிப்பிலும் ஏறக்குறைய ஐந்து குறையும். மதியத்தில் கீழ் வீட்டுக்கு இறங்கி வேலை பார்ப்பது பல கூலிங் பேடுகளுக்குச் சமம்.

புதுசு வாங்குவது, இத்தனையும் செய்தபின் போர்டிலேயே கோளாறு என்று உறுதியானால் மட்டும். 2011ல் தொடங்கிய திட்டத்தில் அரசு கொடுத்த லேப்டாப்பை இன்னமும் தம்பி தங்கச்சி படிப்புக்கு வைத்திருக்கிற வீடுகள் உண்டு, பேஸ்ட் மாற்றிய பிறகு அதில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் போட்டால் படிக்கவும் டைப் அடிக்கவும் போதும்.

சுத்தம் செய்து வாங்கும்போது கடையிலேயே ஒரு கால் மணி நேரம் உட்காருங்கள். எச்டபிள்யூஇன்ஃபோவைத் திறந்து, பெரிய வீடியோ எதையாவது கன்வர்ட் ஆக விட்டு, செட்டிங்கைத் திரும்ப 100ல் வைத்துப் பாருங்கள். சூடு ஏறி உச்ச வரம்புக்குக் கீழே ஒரு இடத்தில் நிலைத்து நின்றால் காசைக் கொடுங்கள். சிப்பின் உச்ச வரம்பான 95 அல்லது 100 டிகிரியைத் தொட்டு அங்கேயே முட்டிக்கொண்டு நின்றால், தகடு சரியாக உட்காரவில்லை என்று சொல்லி அப்போதே மறுபடி திறக்கச் சொல்லுங்கள்.