மாற்றுவதா, சரிசெய்வதா? ஃப்ளஷ் டேங்க் முதல் சுவருக்குள் ஓடும் பைப் வரை ஓர் அலசல்

தண்ணீரை மிச்சப்படுத்த வேண்டும் என்று ஒரு வீட்டிலோ அலுவலகத்திலோ முடிவெடுத்தால், முதல் செலவு பெரும்பாலும் புதுச் சாமான் மேல்தான் போகிறது. புது ஷவர், சென்சார் குழாய், இரட்டை ஃப்ளஷ் க்ளோசெட் என்று வாங்கி மாட்டுகிறார்கள். பக்கத்து அறையில் சத்தமில்லாமல் ஒழுகும் பழைய ஃப்ளஷ் டேங்க் அப்படியே இருக்கும். எதை வாங்கலாம், எதைப் பழுது பார்க்கலாம் என்று ஒப்பிடும்போது அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கை மட்டும் பார்த்தால் போதாது. இரண்டு கேள்விகளை நான் அதற்கு முன்னால் வைப்பேன். இது கெட்டுப்போனால் கண்ணுக்குத் தெரியுமா? தெரிந்தபின், பக்கத்துக் கடையில் கிடைக்கும் உதிரி பாகத்தை வைத்துச் சாதாரண ப்ளம்பர் ஒருவர் சரிசெய்ய முடியுமா?

இந்த இரண்டு கேள்விகளும் அதிகம் உதவுவது ஃப்ளஷ் டேங்க் விஷயத்தில்தான். அதனால் அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

ஃப்ளஷ் டேங்க்: சைஃபனா, வால்வா?

டேங்கிலிருந்து தண்ணீரை வெளியே விட இரண்டு வழிகள் உண்டு. ஒன்று சைஃபன்: டேங்கின் நீர்மட்டத்துக்கு மேலே ஏறி வளைந்து இறங்கும் குழாய். நெம்புகோலை அழுத்தினால் உள்ளே இருக்கும் தட்டு தண்ணீரை வளைவுக்கு மேல் தூக்கிவிடும். அப்புறம் அது தானாக இழுத்துக்கொண்டு போகும். இன்னொன்று அடியில் ரப்பர் சீல் வைத்து மூடியிருக்கும் வால்வு. பொத்தானை அழுத்தினால் வால்வு மேலே எழும், தண்ணீர் கீழே கொட்டும்.

சைஃபனில் தண்ணீர் வெளியேற வேண்டுமானால் முதலில் மேலே ஏற வேண்டும். எனவே அது கெட்டாலும் அதன் வழியாகத் தண்ணீர் ஒழுகாது. உள்ளே இருக்கும் மெல்லிய தட்டு கிழிந்தால் ஃப்ளஷ் ஆகாது, அவ்வளவுதான். அன்றைக்கே தெரிந்துவிடும், அன்றைக்கே ப்ளம்பரைக் கூப்பிடுவோம். வால்வு அப்படியில்லை. சீலின் ரப்பர் விறைத்துப்போனாலோ, உட்காரும் இடத்தில் சுண்ணாம்புப் படிவம் ஏறினாலோ, ஒரு மணல் துகள் சிக்கினாலோ, நாள் முழுக்கத் தண்ணீர் பீங்கானின் பின்புறச் சுவரில் கண்ணாடிபோல வழிந்து இறங்கிக்கொண்டே இருக்கும். சத்தமும் வராது, தரையும் நனையாது.

பிரிட்டனில் 2001 வரை ஃப்ளஷ் டேங்குகளுக்கு சைஃபன்தான் விதி. அதன்பிறகே வால்வு வகைக்கு அனுமதி கிடைத்தது. பழைய டேங்குகளில் இன்னொரு நல்ல வழக்கமும் இருந்தது. டேங்க் நிரம்பியதும் தண்ணீரை நிறுத்தும் மிதவை பழுதாகித் தண்ணீர் கூடினால், அது ஒரு சிறு குழாய் வழியே கட்டடத்துக்கு வெளியே சொட்டும். போகிற வருகிறவர் எல்லாருக்கும் தெரியும். இன்றைய டேங்குகளில் வழியும் தண்ணீர் உள்ளே நடுக்குழாய் வழியாகக் க்ளோசெட்டுக்குள்ளேயே இறங்கிவிடுகிறது. சுவர் நனையாது என்பது வசதிதான். ஆனால் பழுது நடந்துகொண்டிருப்பதைச் சொல்ல யாரும் இல்லை.

இருந்தும் பல ஊர்களில் சைஃபன் கிடைப்பதே அரிது. அழுத்தமாக இழுக்காவிட்டால் அது சரியாகத் தொடங்காது என்பதும் உண்மை. எனவே வால்வு வகையை வாங்கிக்கொண்டு, சில மாதங்களுக்கு ஒருமுறை சோதித்துப் பார்ப்பதே நடைமுறைக்கு ஒத்த வழி. சோதனை எளிது. உணவில் சேர்க்கும் வண்ணத்தில் சில துளிகளை டேங்குக்குள் விட்டு, கால் மணி நேரம் யாரும் ஃப்ளஷ் செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள். க்ளோசெட் நீரில் நிறம் தெரிந்தால் சீல் ஒழுகுகிறது. நிறமே தெரியாமல் டேங்க் மட்டும் அவ்வப்போது நிரம்பும் சத்தம் வந்தால், மூடியைத் திறந்து டேங்கின் அடி போல்ட்டுகளையும் இணைப்புகளையும் பாருங்கள்.

இரட்டை ஃப்ளஷ்ஷுக்கு மாறுவது பற்றி

முழு, பாதி என்று இரண்டு அளவில் தண்ணீர் விடும் இரட்டை ஃப்ளஷ்ஷைப் பரவலாக்கியது ஆஸ்திரேலியாவின் கரோமா நிறுவனம். 1980இல் அங்கே புரூஸ் தாம்சன் வடிவமைத்த டேங்க் முழு ஃப்ளஷ்ஷுக்கு 11 லிட்டரும் பாதி ஃப்ளஷ்ஷுக்கு 5.5 லிட்டரும் எடுத்தது. பின்னால் அது 6 லிட்டர், 3 லிட்டர் என்று இறங்கியது. இவ்வளவு குறைந்த தண்ணீரில் சுத்தமாக வேண்டுமானால், கீழே உள்ள பீங்கானின் வளைவும் வெளியேறும் வழியும் அதற்கேற்ப இருக்க வேண்டும். 13 லிட்டருக்கென்று செய்த பழைய க்ளோசெட்டில் டேங்கை மட்டும் மாற்றினால் பெரும்பாலும் இரண்டாவது முறையும் அழுத்த வேண்டி வரும். தண்ணீரைக் குறைக்க டேங்குக்குள் செங்கல் வைப்பதிலும் அதே சிக்கல். போதாக்குறைக்கு, கரைந்து உதிரும் செங்கல்தூள் சீலுக்குள் போய் உட்காரும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். நான்கு பேர், ஆளுக்கு ஐந்து முறை, ஆக நாளுக்கு 20 ஃப்ளஷ். பழைய 13 லிட்டர் டேங்கில் 260 லிட்டர் செலவாகும். இரட்டை ஃப்ளஷ்ஷில் ஐந்துக்கு நான்கு பாதி ஃப்ளஷ் என்று வைத்தால் 72 லிட்டர். மிச்சம் 188. மிகப் பெரிய மிச்சம், சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் புதிய டேங்கின் சீல் நிமிடத்துக்கு வெறும் 100 மில்லி ஒழுகினாலும் நாளுக்கு 144 லிட்டர் போய்விடும். மிச்சத்தில் முக்கால் பங்கு அங்கேயே காலி. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் கணிப்பில், பத்தில் ஒரு வீட்டில் நாளுக்கு 340 லிட்டருக்கு மேல் கசிகிறது.

ஆகவே பழைய க்ளோசெட் 9 லிட்டருக்கு மேல் குடிக்கிறது என்றால் டேங்க், பீங்கான் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். ஏற்கெனவே 6 லிட்டர் வகை என்றால் சீலையும் மிதவை வால்வையும் மட்டும் மாற்றினால் போதும். இரண்டும் சேர்ந்து ஒரு மணி நேர வேலை. புதிதாக வாங்குபவர்கள் கடையில் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: இதன் சீல் தனியாகக் கிடைக்குமா? முழு வால்வையும் மாற்ற வேண்டும் என்று சொன்னால் நான் வேறு மாடலைப் பார்ப்பேன். சுவருக்குள் மறைத்து வைக்கும் டேங்குகளில் இந்தக் கேள்வி இன்னும் முக்கியம்.

குழாய்: வாஷரா, செராமிக்கா?

ரப்பர் வாஷர் குழாய் மெதுவாகக் கெடும், கண்ணெதிரே கெடும். நொடிக்கு ஒரு சொட்டு என்றால் ஆண்டுக்கு ஏறக்குறைய 11,000 லிட்டர். ஆனால் அதைச் சரிசெய்யத் தேவை ஒரு ஸ்பேனரும் விரல்நகம் அளவு வாஷரும்தான். சொட்டுகிறதே என்று இன்னும் இறுக்கி மூடுவதுதான் பலர் செய்யும் தவறு. அது வாஷரை வெட்டி, அடியில் வாஷர் அமரும் பித்தளை சீட்டையும் தேய்த்துவிடும். சீட் தேய்ந்துவிட்டால் எத்தனை வாஷர் போட்டாலும் சொட்டு நிற்காது. அதைச் சமன்படுத்தும் சின்னக் கருவி ப்ளம்பரிடம் இருக்கும். கேட்டுப் பாருங்கள், குழாயையே மாற்ற வேண்டியதில்லை.

செராமிக் குழாயின் உள்ளே பொருந்தும் கார்ட்ரிட்ஜில் மெருகேற்றிய இரண்டு தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று நழுவித் துளையைத் திறந்து மூடுகின்றன. இறுக்க வேண்டியதே இல்லை. கால் திருப்பு போதும். சுத்தமான தண்ணீரில் பல ஆண்டுகள் தொடாமல் விடலாம். மணல் கலந்த தண்ணீர்தான் எதிரி. தட்டில் கீறல் விழுந்தால் கார்ட்ரிட்ஜை முழுதாக மாற்ற வேண்டும். ஒற்றை நெம்புகோல் மிக்சர்களில் 35, 40 மில்லிமீட்டர் அளவுகள் பரவலானவை. ஆனால் உயரமும் அடிப்பாகத் துளைகளும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அதனால் பழையதைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போவது நல்லது.

சமையலறைக்கும் வாஷ்பேசினுக்கும் செராமிக் என்பேன். ஆனால் கிணற்றிலிருந்தோ தொட்டியிலிருந்தோ வண்டல் வரும் இடத்தில், பலர் கைபட்டு முரட்டுத்தனமாகத் திறக்கும் பொது இடத்தில், வாஷர் குழாயே தாங்கும். செராமிக்தான் வேண்டும் என்றால் உள்ளே வரும் பைப்பில் ஒரு வலைவடிகட்டி போட்டுவிடுங்கள்.

குழாய் முனையில் திருகும் ஏரேட்டர், குழாயை மாற்றாமலே ஓட்டத்தைக் குறைக்கும் மலிவான வழி. நிமிடத்துக்கு 12 லிட்டர் ஓடுவதை 6 லிட்டருக்குக் கொண்டுவரலாம். ஆனால் கை கழுவும் இடத்தில்தான் அது மிச்சம். வாளி நிரப்பும் குழாயில் மாட்டினால் வாளி நிரம்ப இரட்டிப்பு நேரமாகும், தண்ணீர் ஒரு துளியும் குறையாது. மேல்நிலைத் தொட்டியிலிருந்து புவியீர்ப்பில் மட்டும் தண்ணீர் இறங்கும் கட்டடங்களில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 10 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 1 பார் அழுத்தம். தொட்டிக்கு நேர்கீழே உள்ள மாடியில் 0.3 பார்தான் இருக்கும். அங்கே ஏரேட்டர் வெறும் நூலாக ஒழுகும்.

கீழ்மாடிகளில் நிலைமை தலைகீழ். அழுத்தம் கூடுதலாக இருக்கும் இடத்தில் ஒவ்வொரு குழாயிலும் ஏரேட்டர் மாட்டுவதைவிட, உள்ளே வரும் பைப்பில் ஓர் அழுத்தக் குறைப்பு வால்வு போடுவது மேல் என்பது என் கருத்து. ஓட்டம் அழுத்தத்தின் வர்க்கமூலத்தோடு மாறும். 5 பாரை 3 பாராகக் குறைத்தால் திறந்த குழாயில் ஏறக்குறைய 22 சதவீதம் குறையும். கசிவுகளும் மெலியும், இணைப்புகளும் கனெக்ஷன் பைப்களும் கூடுதல் காலம் உழைக்கும். இந்த வால்வு கெட்டால் அழுத்தம் சத்தமில்லாமல் ஏறிவிடும். எனவே பக்கத்தில் ஒரு அழுத்தமானியும் இருக்கட்டும்.

கடை, அலுவலகம், மருத்துவமனை: சென்சாரா, அழுத்துக் குழாயா?

சென்சார் குழாய் தண்ணீரை மிச்சப்படுத்தும் என்று பரவலாக நம்பப்படுகிறது. நான் அவ்வளவு உறுதியாகச் சொல்லமாட்டேன். யாராவது கடந்து போனாலே திறப்பது, கை எடுத்தபின் சில நொடி ஓடுவது, க்ளோசெட்டில் ஆள் அசைந்தால் தானாக ஃப்ளஷ் ஆவது என்று அதன் வீண்செலவு தனி. அமெரிக்காவின் டாம்பா நகரில் ஓர் அலுவலகக் கட்டடத்தில் அளந்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், கையால் இயக்குபவற்றை எடுத்துவிட்டு சென்சார் மாட்டியபின் கழிப்பறைகளின் தண்ணீர்ச் செலவு கூடியிருந்தது.

தலையை அழுத்தினால் சில நொடி ஓடித் தானாக நிற்கும் அழுத்துக் குழாய்க்கு மின்சாரமும் பேட்டரியும் வேண்டாம். உள்ளே ஒரு ஸ்பிரிங், ஒரு சீல். கெட்டால் நிற்காமல் ஓடும், அடுத்து வருபவர் கண்ணில் படும். ஓடும் நேரத்தைக் குறைத்துக்கொள்ளும் திருகு உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள். கை படக்கூடாது என்ற தேவை உள்ள இடத்துக்கு சென்சார் சரி. அங்கும் ஓர் எச்சரிக்கை: ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் சோதித்து 2011இல் வெளியிட்ட முடிவில், சென்சார் குழாய்களில் எடுத்த நீர் மாதிரிகளில் 50 சதவீதத்தில் நிமோனியா உண்டாக்கும் லெஜியோனெல்லா பாக்டீரியா இருந்தது, சாதாரணக் குழாய்களின் மாதிரிகளில் 15 சதவீதத்தில்தான். சென்சார் குழாயின் சிக்கலான உள்வால்வுகள் கிருமி தங்க இடம் கொடுக்கின்றன என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

யூரினல்களில் தண்ணீரே வேண்டாத வகை, ஒரு ஃப்ளஷ்ஷுக்கு அரை லிட்டர் எடுக்கும் வகை என்ற போட்டி. தண்ணீரில்லா வகையில் எண்ணெய்த் திரவம் நாற்றத்தை அடைக்கிறது. தெரியாமல் ஒருவர் வாளித் தண்ணீரை ஊற்றினால் அது கழுவிப் போய்விடும். கழிவுக்குழாயில் உப்புப் படிவம் கெட்டியாக ஏறும், செம்புக் கழிவுக்குழாய் அரித்துப்போகும். துப்புரவுப் பணியாளர் அடிக்கடி மாறும் இடத்தில் அரை லிட்டர் வகையே நிலைக்கும்.

பைப்: ஒட்டா, வெட்டா?

ஓட்டையில் அப்பும் எபாக்சி புட்டியும் கிளாம்பும் இரவைக் கடத்துவதற்கு மட்டும். ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பில் ஊசித்துளை விழுந்தால் அது உள்ளிருந்து வரும் துரு. பக்கத்திலேயே அடுத்த துளையும் வரும். இரண்டாவது முறை கசிந்தால் அந்த நீளம் முழுவதையும் மாற்றிவிடுவதே சிக்கனம். சாதாரண பி.வி.சி. குளிர்நீருக்கு மட்டும், சுடுநீருக்கு வெப்பம் தாங்கும் பிளாஸ்டிக் வகைகளான சி.பி.வி.சி. அல்லது பி.பி.ஆர். சி.பி.வி.சி.யில் ஒட்டிய பசை காயும் நேரம் கொடுக்காமல் தண்ணீரைத் திறந்துவிடுவதும், பி.பி.ஆரை உருக்கி இணைக்கும்போது அதிகம் சூடாக்கி உள்விட்டத்தை அடைத்துவிடுவதும் வழக்கமான கோளாறுகள். சுவருக்குள் போகும் பைப் என்றால் நடுவில் இணைப்பே இல்லாமல் வளைந்து போகும் பெக்ஸ் என்ற பிளாஸ்டிக் வகைக்கு என் ஓட்டு. அதற்குத் தனிக் கருவியும் அதைக் கையாளத் தெரிந்த ஆளும் வேண்டும்; அவை கிடைக்கும் இடத்தில் மட்டும்.

கசிவைக் கண்டுபிடிக்க: கருவியா, மீட்டரா?

தானாக நீரை அடைக்கும் மின்னணு வால்வுகள் இப்போது வந்துவிட்டன. நாள்கணக்கில் பூட்டிக் கிடக்கும் கட்டடத்துக்கு அவை உண்மையான பாதுகாப்பு. பைப் வெடித்தால் சேதத்தை நிறுத்தும். மெதுவான கசிவுக்கு ஏற்கெனவே இருக்கும் தண்ணீர் மீட்டரே போதும். எல்லாக் குழாயையும் மூடிவிட்டுப் பாருங்கள், மீட்டர் முகப்பில் உள்ள சிறு சக்கரம் சுற்றினால் எங்கோ போகிறது. ஒவ்வொரு க்ளோசெட்டின் ஆங்கிள் காக்கையும் (டேங்குக்குத் தண்ணீர் வரும் சிறு வால்வு) ஒன்றன்பின் ஒன்றாக அடைத்துக்கொண்டே வாருங்கள். எதை அடைத்ததும் சக்கரம் நிற்கிறதோ அங்கேதான் பழுது. எல்லாவற்றையும் அடைத்தபின்னும் சுற்றினால் கசிவு பைப்பில் இருக்கிறது. சுவரை உடைப்பதற்கு முன் ஒலி கேட்டுக் கண்டுபிடிக்கும் ஆளைக் கூப்பிடும் நேரம் அது. கடை, அலுவலகம் என்றால் மூடும்போது ஒரு ரீடிங், மறுநாள் திறக்கும்போது ஒரு ரீடிங். தோட்டப் பாசனமோ தொட்டி நிரப்புவதோ இரவில் நடக்கவில்லை என்றால் இரண்டும் ஒரே எண்ணாக இருக்க வேண்டும்.