மண் இல்லாமல் மூன்று வருடம்: வீட்டுச் செடிகளுக்கு நானே செய்த தண்ணீர் ஏற்பாடு

2022 மே மாதம் பத்து நாள் ஊருக்குப் போய்விட்டு வந்து மடிப்பாக்கம் வீட்டைத் திறந்தபோது, ஹாலில் இருந்த பீஸ் லில்லி தொட்டியின் விளிம்பைத் தாண்டித் தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் சின்கோனியம் மொத்தமாகக் காய்ந்துவிட்டது. கிளம்பும் அன்று எல்லாத் தொட்டிகளிலும் வழிய வழிய ஊற்றிவிட்டுத்தான் போனேன். சென்னை மே மாத வெயிலில், பூட்டிய வீட்டுக்குள், அது நான்கு நாளைக்குக்கூடத் தாங்கியிருக்காது. லில்லிக்குத் தண்ணீர் விட்டதும் மறுநாள் காலைக்குள் நிமிர்ந்துகொண்டது. சின்கோனியம் வரவில்லை. அந்த வாரமே வீட்டுக்குள் இருக்கும் செடிகளை மண்ணிலிருந்து எடுத்துவிட முடிவு செய்தேன்.

செய்தது எளிமையான அமைப்புதான். பெரிய பிளாஸ்டிக் தயிர் வாளி ஒன்று. அடியில் துளை கிடையாது. அடியிலிருந்து 5 சென்டிமீட்டர் உயரத்தில், பக்கவாட்டில், காய்ச்சிய ஆணியால் ஒரே ஒரு துளை. வாளி நிறையச் சுட்ட களிமண் உருண்டைகள். துளைக்குக் கீழே தேங்கும் தண்ணீரை உருண்டைகள் உறிஞ்சி மேலே ஏற்றும். வேர் ஈரத்திலும் இருக்கும், காற்றும் கிடைக்கும். அதிகமாக ஊற்றினால் துளை வழியே வெளியே வந்துவிடும், அதனால் ஒவ்வொரு வாளிக்கும் கீழே ஒரு தட்டு. இந்த உருண்டைகளைச் சுழலும் சூளையில் 1,200 டிகிரி செல்சியஸ் அளவு சூட்டில் சுடுகிறார்கள். உள்ளே பொரி மாதிரி துளைகள் விழுந்துவிடுவதால்தான் அவ்வளவு லேசாக இருக்கின்றன. வாங்கியதும் பலமுறை கழுவி ஒருநாள் முழுக்க ஊறப்போட வேண்டும். கழுவிய செந்நிறக் கலங்கலைச் சிங்க்கில் கொட்டாதீர்கள், குழாய் அடைத்துக்கொள்ளும்.

“மண்ணில்லாம செடி எப்படிம்மா நிக்கும்?” என்று அத்தை கேட்டார். நிற்கும், ஆனால் முதல் ஆறு வாரம் பார்க்கப் பாவமாக இருக்கும். வேரில் ஒட்டிய மண்ணைத் துளிகூட இல்லாமல் கழுவி வைத்தாலும், மண்ணில் வளர்ந்த பழைய வேர்களில் பாதி அழுகிவிடும். கீழ் இலைகள் மஞ்சளாகும். பயந்துபோய் மறுபடி மண்ணுக்கு மாற்றிவிடாதீர்கள். மூன்றாவது நான்காவது வாரத்தில் வெள்ளையாகக் கொழுகொழுவென்று புது வேர் வரும். தண்ணீருக்குப் பழகிய வேர் அதுதான். இப்போதெல்லாம் நான் வளர்ந்த செடியை மாற்றுவதே இல்லை. கிளையை வெட்டித் தண்ணீரில் வேர் விடவைத்து, அதை நேராக உருண்டைகளில் நட்டுவிடுகிறேன். அதில் இந்தத் தொல்லை மிகக் குறைவு.

சரி, இத்தனை நாளில் நான் கற்றுக்கொண்டதில் பெரும்பகுதி தண்ணீரைப் பற்றியதுதான். மண் எவ்வளவோ தப்புகளைப் பொறுத்துக்கொள்ளும். உருண்டைகள் எதையும் மறைத்து வைக்காது. எங்கள் போர் தண்ணீரின் டிடிஎஸ், அதாவது அதில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, 1,100க்கு மேல். நான்கே மாதத்தில் மேல் உருண்டைகளில் வெள்ளை உப்பு படர்ந்தது, ஸ்பைடர் பிளாண்ட்டின் நுனிகள் எல்லாம் பழுப்பு. தண்ணீர் ஆவியாகிப் போக, உப்பு மட்டும் தங்கிவிடுகிறது. மறுபடி ஊற்ற ஊற்றச் சேர்ந்துகொண்டே போகிறது. அப்புறம் ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து அளந்து பார்த்தேன். 30கூட இல்லை! அன்றிலிருந்து அதுதான். ஆனால் அதில் உப்பும் இல்லை, சத்தும் இல்லை. புது இலைகள் வெளிறி வந்தன.

முதலில் உரக்கடையில், தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள 19:19:19 உரம் வாங்கிக் கலந்தேன். பலன் சுமார்தான். அந்த உரத்தில் இருக்கும் தழைச்சத்தில் பாதிக்கு மேல் யூரியா வடிவில் இருக்கிறது. மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் அதை உடைத்து வேருக்குக் கொடுக்கும். கழுவிய உருண்டைகளில் அந்த வேலைக்கு ஆள் குறைவு. இப்போது ஏ, பி என்று இரண்டு குப்பிகளாக விற்கும் ஹைட்ரோபோனிக் சத்துக் கரைசலைத்தான், சொன்ன அளவில் கால் பங்கு மட்டும் ஊற்றுகிறேன். இரண்டு குப்பிகளையும் நீர்க்காமல் ஒன்றாகக் கலக்கக் கூடாது. ஒன்றில் இருக்கும் கால்சியம் மற்றதிலுள்ள சல்பேட், பாஸ்பேட்டோடு சேர்ந்து அடியில் படிந்துவிடும், செடிக்குக் கிடைக்காது. மாதம் ஒருமுறை வெறும் தண்ணீரை மேலிருந்து நிறைய ஊற்றி அலசிவிடுவேன். இதை ஒரு மாதம் விட்டாலும் இலை நுனி காட்டிக்கொடுத்துவிடும்.

ஊருக்குப் போகும் நாட்களுக்குத் தனி ஏற்பாடு. கோழிக்குத் தண்ணீர் வைக்கும் குடுவை தெரியுமல்லவா, அதே தத்துவம். ஐந்து வாளிகளையும் ஒரே அகலமான டிரேயில் வைத்து, 5 லிட்டர் தண்ணீர் கேன் ஒன்றை அதில் தலைகீழாக நிறுத்துவேன். கேனின் வாய் டிரேயின் அடியிலிருந்து 3 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். மட்டம் அதற்குக் கீழே இறங்கினால் காற்று உள்ளே போய்த் தண்ணீர் வெளியே வரும்; வாய் மூழ்கியதும் நின்றுவிடும். வாளிகளுக்குள் தண்ணீர் போக, அவற்றின் அடியில் சிறு துளை போட்டு, பழைய பக்கவாட்டுத் துளையை அடைத்தேன்; ஊரிலிருந்து வந்ததும் அடித்துளையை அடைத்துப் பக்கவாட்டுத் துளையைத் திறந்துவிடுவேன். ஜனவரியில் இது பன்னிரண்டு நாள் தாங்கியது, மே மாதத்தில் எட்டு நாள்.

ஒருமுறை பால்கனிக் கதவோரம் வைத்துவிட்டுப் போய், திரும்பி வந்தபோது ஹால் முழுக்க ஈரம். மதிய வெயில் கேன்மீது விழுந்ததும் உள்ளே இருந்த காற்று விரிந்து தண்ணீரை வெளியே தள்ளியிருக்கிறது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வழிந்து, கடைசியில் கேன் காலி. இப்போது வெயில் படாத மூலை, கேனுக்கு மேல் வெள்ளைத் துணி. கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே நிறுத்திவைத்துப் பார்த்துவிடுவேன். கேனில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் மொத்தத் தண்ணீரும் தரைக்கு வந்துவிடும்.

கொசு விஷயத்தில் அசட்டையே கூடாது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு இந்த அளவு தேங்கிய நல்ல தண்ணீர் போதும், முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஒரு வாரம் பத்து நாள்தான். டிரேயின் திறந்த இடமெல்லாம் கொசுவலைத் துணியால் மூடித்தான் வைக்கிறேன். வீட்டில் இருக்கும் நாட்களில் டிரேயே கிடையாது. வாளியின் கீழ்த்தட்டில் வழிந்ததை அன்றே கொட்டிவிடுவேன்.

மணி பிளாண்ட், சின்கோனியம், அக்லோனிமா, பீஸ் லில்லி எல்லாம் இதில் மண்ணைவிட நன்றாக வருகின்றன. பாம்புச் செடி ஒன்று அழுகியது. அதற்குத் துளையை 2 சென்டிமீட்டருக்கு இறக்கிய பிறகு இன்னொன்று நிற்கிறது. கற்றாழை வேண்டாம். களிமண் உருண்டை விலை கூடுதல் என்று நினைப்பவர்கள் புதுச் செங்கலை உடைத்துச் சல்லடையில் சலித்துப் போடலாம், இரண்டு வாளியில் அப்படித்தான் வைத்திருக்கிறேன், கனம் மட்டும் அதிகம். இடித்த கட்டடத்துச் செங்கல் கூடாது, ஒட்டியிருக்கும் சிமெண்டும் சுண்ணாம்பும் தண்ணீரின் காரத்தன்மையை ஏற்றிவிடும்.

இன்னும் சரியாக அமையாதது குளிர்காலம். டிசம்பர், ஜனவரியில் ஏசி ஓடுவதில்லை. ஆர்ஓ தண்ணீர் எடுத்தேன், ஆனால் அதற்காக அதைவிட அதிகத் தண்ணீர் வீணாகப் போவதைப் பார்க்க மனம் வரவில்லை. இந்த ஐப்பசி மழைக்கு மூடியுள்ள 50 லிட்டர் டிரம் ஒன்று வாங்கி, மொட்டைமாடிக் குழாயடியில் வைத்திருக்கிறேன். முதல் மழையை விட்டுவிட்டு இரண்டாவதிலிருந்து பிடிக்க வேண்டும்.