காரில் வைக்கக் கத்தி வாங்கப் போய் ₹2,850 விட்ட கதை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடையின் பெயரை எழுதப் போவதில்லை. கோவையில் கார் சீட் கவர், மேட், ஹாரன் விற்கிற கடைகளில் ஒன்று, அவ்வளவுதான். ஏன் எழுதவில்லை என்பது போகப் போகத் தெரியும். அதில் பாதி என் முட்டாள்தனம்.

எனக்குச் சென்னிமலை. பெட்ஷீட், துண்டு ஆர்டர் பிடிக்கிற வேலை. வாரத்தில் நான்கு நாள் ஈரோடு, கரூர், திருப்பூர், கோவை என்று காரிலேயே போய்விடும். வீட்டுக்குத் திரும்பும்போது கடைசியாகக் கொஞ்ச தூரம் எல்பிபி என்கிற கீழ்பவானி வாய்க்கால் கரையோரம் வர வேண்டும். ஆகஸ்டில் தண்ணீர் திறந்துவிட்டால் வாய்க்கால் தளும்ப ஓடும். போன வருடம் அந்தச் சமயத்தில் எதிரே வந்த டிப்பருக்கு ஒதுங்கப் போய், பின் சக்கரம் ஈரக் கரையில் சரிந்துவிட்டது. கார் விழவில்லை. ஆனால் சாய்ந்து நின்ற அந்த ஐந்து நிமிடம் பின் சீட்டிலிருந்த அம்மாயிக்கு (அம்மாவின் அம்மா) பெல்ட்டைக் கழற்றத் தெரியவில்லை. உடம்பின் பாரம் முழுவதும் பெல்ட்டில் தொங்கியதால் பட்டனை அமுக்கினாலும் விடவில்லை. "கண்ணு, இதைய அறுத்து உட்ருடா" என்று அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. அறுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. கடைசியில் ஒரு கையால் அவரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கழற்றினேன்.

அடுத்த வாரமே கோவையில் அந்தக் கடைக்குள் நுழைந்தேன். கண்ணாடி அலமாரிக்குள் சிவப்பு வெல்வெட் துணியில் ஒரு மடக்குக் கத்தி. கைப்பிடியிலேயே பெல்ட் அறுக்கும் பிளேடு, பின்முனையில் கண்ணாடி உடைக்கும் கூர். அலகில் தண்ணீர் அலை போலக் கோலம். பார்த்தவுடனே எனக்குப் பிடித்துப்போனது. அதுதான் பிரச்சினை. பெல்ட் அறுக்கப் போனவன் கத்தியின் அழகைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஜெர்மன் ஸ்டீலுங்ணா, 440சி. மேல இருக்கறது டமாஸ்கஸ். இந்த முனை டங்ஸ்டன் கார்பைடு, பஸ் கண்ணாடியே தெறிச்சுரும்" என்றார் விற்ற தம்பி. ஒரு பேப்பரை எடுத்து சர்ரென்று கிழித்தும் காட்டினார். 440சி என்பது ஒரே வகைத் துருப்பிடிக்காத எஃகு. இந்த மாதிரிக் கத்தியில் டமாஸ்கஸ் என்றால் இரண்டு வகை எஃகை அடுக்கி அடித்துச் சேர்த்தது. இரண்டையும் ஒரே அலகில் எப்படிச் சேர்த்தார்கள் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. பேப்பரை என் சவர பிளேடும்தான் கிழிக்கும், அதுவும் தோன்றவில்லை.

இதில் இன்னொரு வேடிக்கை. டமாஸ்கஸ் வாள் என்று உலகம் கொண்டாடியதற்கு எஃகு போனது தென்னிந்தியாவிலிருந்து. இங்கே மண் குடுவையில் உருக்கிய எஃகு. எங்கள் ஊருக்குப் பக்கத்தில் நொய்யல் கரையில் இருக்கிற கொடுமணலில் தோண்டியபோது இரும்பு உருக்கிய உலைகளின் தடயம் கிடைத்தது. அந்த மண்ணிலிருந்து கிளம்பிப் போய், டமாஸ்கஸ் என்ற பெயரைக் கேட்டு வாயைப் பிளந்திருக்கிறேன்.

விலை மூவாயிரம் சொன்னார். ரொக்கமாகக் கொடுத்தால் 150 குறைப்பதாகவும் சொன்னார். கொடுத்தேன். ஒரு துண்டுத் தாளில் "எஸ்டிமேட்" என்று அச்சிட்டு, கீழே "நைஃப் 1, 2850" என்று எழுதிக் கொடுத்தார். கடைப் பெயர் இல்லை, ஜிஎஸ்டி எண் இல்லை. நானும் மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

நான்கு மாதம் அது டேஷ்போர்டு பெட்டிக்குள் கிடந்தது. இருக்கிறது என்ற தைரியத்தில் வாய்க்கால் கரையில் ஓட்டினேன். தற்செயலாகத்தான் குட்டு உடைந்தது. பெருந்துறைப் பக்கம் மச்சான் பட்டறை வைத்திருக்கிறார். விபத்தில் நசுங்கிய ஒரு காரைப் பிரித்துப் போட்டிருந்தார். இரண்டு கதவு கண்ணாடியோடும், சீட் பெல்ட்டோடும் கிடந்தது. "மாப்ள, உங்க கத்திய இதுல பாத்துரலாமா?" என்றார். சும்மா விளையாட்டாகத்தான் ஆரம்பித்தோம்.

முதலில் கண்ணாடி. மூலையில் ஓங்கி ஒரு குத்து. ஒன்றும் இல்லை. இரண்டாவது, மூன்றாவது. நான்காவது குத்தில் முனையைப் பார்த்தால் சப்பையாகிப் போயிருந்தது. மச்சான் அரத்தை எடுத்து அந்த முனையில் தேய்த்தார், துகள் துகளாகச் சீவிக்கொண்டு வந்தது. கார்பைடாக இருந்தால் அரம் வழுக்கிக்கொண்டு போயிருக்க வேண்டும். பிறகு அவர் தன் டூல் பெட்டியிலிருந்து ஆட்டோமேட்டிக் சென்டர் பஞ்ச்சை எடுத்தார். ஃபிட்டர்கள் துளை போடும் முன் புள்ளி வைப்பார்களே, உள்ளே ஸ்பிரிங் வைத்த அதேதான். கண்ணாடியின் கீழ் மூலையில் வைத்து அமுக்கினார். டிக் என்றது. மொத்தக் கண்ணாடியும் கல்கண்டு மாதிரி கொட்டிவிட்டது.

பக்கக் கண்ணாடி பெரும்பாலும் டெம்பர்டு. அதன் மேல்பரப்பு அமுக்கு விசையில் நிற்கிறது, உள்ளே இழுவிசை. கடினமான ஒரு புள்ளி அந்த மேல்தோலைத் துளைத்துவிட்டால் போதும், மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும். வேண்டியது கை பலம் அல்ல, முனையின் கடினத்தன்மை. முன் கண்ணாடி வேறு, அது லேமினேட்டட். நடுவில் பிளாஸ்டிக் படலம் இருப்பதால் விரிசல் விடுமே தவிர வழி விடாது. இப்போது சில கார்களில் பக்கக் கண்ணாடியும் லேமினேட்டட் ஆகவே வருகிறது. அமெரிக்காவின் ஏஏஏ என்ற வாகன ஓட்டிகள் அமைப்பு 2019-ல் இப்படிப்பட்ட 6 கருவிகளைச் சோதித்தது. 4 கருவிகள் டெம்பர்டு கண்ணாடியை உடைத்தன, லேமினேட்டட் கண்ணாடியில் ஒன்றுகூட வழி உண்டாக்கவில்லை. சுத்தியலைவிட ஸ்பிரிங் வகை மேல் என்றும் சொன்னார்கள். உங்கள் காரில் எது என்று கண்ணாடியின் ஓரத்து முத்திரையில் பாருங்கள், பெரும்பாலும் எழுதியே இருக்கும். நான் அன்றைக்குத்தான் முதல் தடவையாக என் காரில் பார்த்தேன்.

அடுத்தது பெல்ட். கைப்பிடியிலிருந்த குட்டி பிளேடு இரண்டு இழுப்பில் ஸ்குரூவோடு கழன்று கீழே விழுந்தது, பென்சில் சீவும் ஷார்ப்னர் பிளேடு தரம். சரி, பெரிய அலகாலேயே அறுப்போம் என்று ரம்பப் பல் இருக்கிற பக்கத்தை வைத்து இழுத்தேன். அது பல் இல்லை, பல் மாதிரி வெட்டிய அலங்காரம். பாலியெஸ்டர் நாடா மடங்கி மடங்கி நழுவியதே தவிர அறுபடவில்லை. அழுத்தி இழுத்தபோது அலகைப் பிடித்திருந்த லாக் விட்டுவிட்டது. கத்தி மடங்கி என் ஆள்காட்டி விரலைத்தான் அறுத்தது. மூன்று தையல். பேப்பருக்கு அடுத்தபடியாக அந்தக் கத்தி ஒழுங்காக வெட்டியது அதைத்தான்.

கோபம் வந்துவிட்டது. கட்டுப் போட்ட விரலோடு கோவை கணபதியில் தெரிந்தவருடைய ஹீட் ட்ரீட்மென்ட் பட்டறைக்கு எடுத்துப் போனேன். பம்ப்பு ஷாஃப்ட்டும் கியரும் தோய்ச்சல் போடுகிற, அதாவது சூடாக்கிக் குளிரவைத்துக் கடினமாக்குகிற இடம், எஃகின் கடினத்தன்மையை அளக்கும் ராக்வெல் மெஷின் வைத்திருக்கிறார்கள். கோவையில் பிறந்த கத்தியோ இல்லையோ, கோவையில் விற்றால் கோவையில் சோதிக்க ஆள் உண்டு. மூன்று இடத்தில் குத்திப் பார்த்தார். 440சி ஒழுங்காகத் தோய்ச்சல் ஏறினால் ராக்வெல் சி அளவில் 58 பக்கம் நிற்க வேண்டும். இது 41, 40, 41. "இதுக்கு உங்க ஊட்டுக் கொடுவாளே தேவலைங்க, அது லாரி ஸ்பிரிங் பட்டைல அடிச்சதா இருக்கும்" என்றார். அலைக் கோலத்தை உப்புத்தாளால் தேய்த்தார், ஐந்து இழுப்பில் போயிற்று. தேய்த்தால் அசலிலும் மங்கும் என்பதால், நியாயமாக இருக்கட்டும் என்று எஃகை அரிக்கும் ஃபெர்ரிக் குளோரைடு கரைசலில் முக்கியும் பார்த்தோம். அசலாக இருந்தால் கோலம் திரும்பி வரும். வரவில்லை, ஒரே சாம்பல் நிறம்.

கத்தியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். விற்ற தம்பி இல்லை, உரிமையாளர் இருந்தார். மரியாதையாகத்தான் பேசினார், உட்காரச் சொன்னார், டீயும் சொன்னார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அண்ணா, எமர்ஜென்சிக் கத்திய யாராச்சும் எடுத்து ஒடச்சுப் பாப்பாங்களாங்க? அது வண்டில வெச்சுக்கறதுக்குங்ணா."

எனக்குப் பதில் வரவில்லை. நான்கு மாதமாக நானும் அதைத்தானே செய்துகொண்டிருந்தேன்.

எஸ்டிமேட் தாளைக் காட்டினேன். "இதுல எங்க கடை பேரு எங்கீங்க இருக்குது?" என்று கேட்டார். நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் பொருளின் விலை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணமும் கிடையாது. எல்லாம் சரி, ஆனால் எதைக் காட்டிப் புகார் சொல்வது? யுபிஐயில் அனுப்பியிருந்தால்கூட ஒரு தடயம் இருந்திருக்கும். 150 ரூபாய்க்கு ஆசைப்பட்டு அதையும் விட்டேன். கடைப் பெயரை நான் எழுதாததற்கு இதுதான் காரணம். நிரூபிக்க என்னிடம் ஒரு துண்டுத் தாளும் ஒரு தழும்பும்தான் இருக்கின்றன.

இடையில் ஒரு சோதனைச் சாவடியில் பெட்டியைத் திறந்து பார்த்த காவலர் இதை எடுத்து வைத்துக்கொண்டு இருபது நிமிடம் விசாரித்ததும் நடந்தது. 2016 ஆயுத விதிகளின் பட்டியலில் வருவது 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்தி. வீட்டு வேலை, விவசாய வேலைக்கென்று செய்ததற்கு அதில் விலக்கு உண்டு. என்னுடையது 4 அங்குலம்தான். ஆனால் வெல்வெட் பையில் பளபளவென்று ஒரு கத்தி இருந்தால் கேட்கத்தான் செய்வார்கள். பெல்ட் அறுக்கத்தான் என்று நான் சொன்னதை அவர் நம்பிய மாதிரி தெரியவில்லை. இப்போது யோசித்தால் அவர் நம்பாததில் தப்பில்லை.

இப்போது என் காரில் கத்தியே இல்லை. கொக்கி வடிவ பெல்ட் கட்டர் இரண்டு வாங்கினேன், ஒன்று 300 ரூபாய் சொச்சம். பிளேடு கொக்கிக்குள் ஒளிந்திருப்பதால் சிக்கிக்கொண்டவர் உடம்பில் குத்தாது. பெல்ட்டை இழுத்துப் பிடித்து, கொஞ்சம் சாய்வாக வைத்து இழுத்தால் ஒரே வீச்சில் போகிறது. மச்சான் பட்டறையில் ஏழெட்டுத் தடவை அறுத்துப் பார்த்துவிட்டுத்தான் வைத்தேன். கூடவே ஒரு ஸ்பிரிங் பஞ்ச். தண்ணீருக்குள் சுத்தியலை வீச முடியாது, இதை வைத்து அமுக்கினால் போதும். டேஷ்போர்டு பெட்டியில் வைக்கவில்லை. பெல்ட் இறுகிய நிலையில் கண்ணை மூடிக்கொண்டு கை நீட்டிப் பார்த்தேன், பெட்டி எட்டவே இல்லை. ஹேண்ட் பிரேக் பக்கத்தில் ஒட்டிவைத்திருக்கிறேன். இன்னொரு கட்டர் பின்னால், அம்மாயி கைக்கு எட்டுகிற இடத்தில். வாய்க்காலில் விழுந்தால் இதெல்லாம் இரண்டாவது. முதலில் பெல்ட்டைக் கழற்றி, தண்ணீர் ஏறும் முன்பே கண்ணாடியை இறக்கிவிட வேண்டும். பவர் விண்டோ கொஞ்ச நேரம் வேலை செய்யும். கதவைத் திறக்கலாம் என்று காத்திருந்தால் வெளியில் இருக்கிற தண்ணீர் விடாது.

மச்சான் பட்டறையில் இன்னும் ஒரு கதவு கண்ணாடியோடு கிடக்கிறது, பெல்ட் துண்டுகளும் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை பெருந்துறைப் பக்கம் வருகிற தெரிந்தவர்கள் அவரவர் காரில் வைத்திருப்பதை எடுத்து வரலாம், அடித்துப் பார்த்துவிடுவோம். கண்ணாடியைக் கூட்டி அள்ளுவது மட்டும் அவரவர் பொறுப்பு.