மோட்டார்ஹோம் ஃபிரிட்ஜ்: கேஸா, கம்ப்ரசரா?

எங்கள் மோட்டார்ஹோமோடு (படுக்கை, சமையலறையோடு வீடாகவே பயன்படும் வண்டி) வந்த கேஸ் ஃபிரிட்ஜ் சென்ற ஆண்டு ஓய்ந்துவிட்டது. அதே வகையில் இன்னொன்று வாங்குவதா, 12 வோல்ட் பேட்டரியில் ஓடும் கம்ப்ரசர் ஃபிரிட்ஜுக்கு மாறுவதா என்று அலசிப் பார்த்து, கம்ப்ரசருக்கே மாறினோம். அமெரிக்காவில் பழைய மோட்டார்ஹோம் வைத்திருக்கும் பலருக்கும் என்றாவது ஒருநாள் இந்தக் கேள்வி வந்தே தீரும். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மறைக்கப்போவதில்லை.

வெளிப்படையாகத் தெரியும் வேறுபாடுகளை முதலில் முடித்துவிடலாம். கேஸ் ஃபிரிட்ஜ் சத்தமே போடாது. கம்ப்ரசர் இரவில் லேசாக முனகும். கேஸ் ஃபிரிட்ஜ் முதலில் குளிர்வதற்கு ஓர் இரவு முழுக்க வேண்டும். கம்ப்ரசருக்குச் சில மணி நேரம் போதும். ஃபிரிட்ஜின் விலையை மட்டும் பார்த்தால் கம்ப்ரசர் பெரும்பாலும் மலிவு. வீட்டு ஃபிரிட்ஜையே பொருத்தி இன்வெர்ட்டர் வழியாக ஓட்டுபவர்களும் உண்டு. பெரிய பேட்டரித் தொகுப்பைச் சுமக்கும் நீளமான வண்டிகளுக்கு அது சரிப்படும். எங்களுடையது அந்த ரகம் இல்லை.

என் முடிவைத் தீர்மானித்தது வண்டி நிற்கும் தரையின் சாய்வு.

கேஸ் ஃபிரிட்ஜ் நெருப்பைக் கொண்டு குளிரை உண்டாக்குகிறது. 1922இல் ஸ்டாக்ஹோமில் மாணவர்களாக இருந்த பால்ட்சர் வான் பிளாட்டன், கார்ல் மண்டர்ஸ் இருவரும் உருவாக்கிய முறை அடிப்படையில் மாறாமல் இன்றும் ஓடுகிறது. பின்புறக் குழாய்களுக்குள் அம்மோனியா, நீர், ஹைட்ரஜன் மூன்றையும் அடைத்து நிரந்தரமாக மூடியிருப்பார்கள். அடியில் எரியும் சிறு புரொபேன் எரிவாயுச் சுடர் அம்மோனியா கரைந்த நீரைக் கொதிக்க வைக்கிறது. பிரிந்து மேலேறும் அம்மோனியா ஆவி உச்சியில் குளிர்ந்து திரவமாகிறது. அது கீழே இறங்கி ஹைட்ரஜன் நிறைந்த பகுதிக்குள் நுழைந்ததும் மறுபடி ஆவியாகிறது. ஆவியாகும்போது பெட்டிக்குள்ளிருக்கும் வெப்பத்தை இழுத்துக்கொள்கிறது. பிறகு நீர் அதை உறிஞ்சிக்கொள்ள, கலவை கொதிகலனுக்குத் திரும்புகிறது. பம்பு கிடையாது, சுழலும் பாகம் எதுவும் கிடையாது. மேலே ஏற்றுவது வெப்பம், கீழே இறக்குவது புவியீர்ப்பு. இதை வியக்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

புவியீர்ப்பை நம்பியிருப்பதால்தான் சிக்கலும் வருகிறது. வண்டி சாய்ந்து நின்றால் திரவம் குழாய் வளைவுகளில் தேங்கி, கொதிகலனுக்குத் திரும்பாது. சுடர் மட்டும் எரிந்துகொண்டே இருக்கும். வறண்டு சூடேறும் கொதிகலனில், இரும்பு அரிக்காமல் இருப்பதற்காகக் கலந்திருக்கும் சோடியம் குரோமேட் கட்டியாகப் படிந்து மெல்லிய குழாயை அடைக்கத் தொடங்குகிறது. அந்த அடைப்பு பிறகு கரைவதில்லை. ஒவ்வொரு சாய்ந்த நிறுத்தமும் முந்தைய சேதத்தின் மேல் போய்ச் சேர்கிறது. குழாய் ஓட்டையானால் அம்மோனியா நெடி மூக்கைத் துளைக்கும்; பின்பக்கக் கம்பித்தட்டியைக் கழற்றிப் பார்த்தால் குழாயோரம் மஞ்சள் பொடி படிந்திருக்கும். அந்த நிலையில் குளிரூட்டும் பகுதி முழுவதையும் மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

எவ்வளவு சாய்வு வரை தாங்கும்? ஃபிரிட்ஜின் இடவலமாக 3 டிகிரி, முன்பின்னாக 6 டிகிரி என்று, இவ்வகை ஃபிரிட்ஜ்களைத் தயாரிக்கும் டொமெடிக் நிறுவனத்தின் கையேடு சொல்கிறது. ஃபிரிட்ஜ் பெரும்பாலும் வண்டியின் பக்கச் சுவரில் இருப்பதால், அதன் இடவலம் என்பது வண்டியின் நீளவாக்கு. 15 அடி சக்கர இடைவெளி உள்ள வண்டியில் முன்னும் பின்னும் சுமார் 9 அங்குலம் வேறுபட்டாலே 3 டிகிரி வந்துவிடும். நூறு அடிக்கு ஐந்தடி ஏறும் தெருவில் நிறுத்தினால் அந்தக் கணக்குதான். ஓடும்போது கவலையில்லை; குலுக்கலில் திரவம் நகர்ந்துகொண்டே இருக்கும். சரிவான வாகன நிறுத்தத்தில் ஃபிரிட்ஜை அணைக்காமல் விட்டுச் சாப்பிடப் போகிறோமே, ஆபத்து அங்கேதான். முகாமில் சக்கரத்தின் அடியில் கட்டை வைத்து ரசமட்டம் பார்ப்பவர்கள்கூட மதிய உணவு நிறுத்தத்தில் அதைச் செய்வதில்லை. பழைய வண்டி வாங்கும்போது முந்தைய உரிமையாளர் எங்கெல்லாம் நிறுத்தினார் என்று யாருக்குத் தெரியும்? இன்று நன்றாகக் குளிரும் கேஸ் ஃபிரிட்ஜ் எத்தனை சேதத்தை உள்ளே வைத்திருக்கிறது என்பதை வெளியிலிருந்து கணிக்க வழியில்லை. கம்ப்ரசரோ 30 டிகிரி சாய்வையும் பொருட்படுத்தாது.

வெயில் இன்னொரு காரணம். அரிசோனா கோடையில் வெளியே 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது கேஸ் ஃபிரிட்ஜ் திணறும். உணவு கெடாமலிருக்க அமெரிக்க வேளாண்துறை சொல்லும் எல்லை சுமார் 4 டிகிரி; அந்த வெயிலில் அதை எட்ட, பின்னால் தனி விசிறி வைத்தும் போராட வேண்டியிருந்தது. தோசை மாவு மறுநாளே புளித்துப் பொங்கிவிடும். கம்ப்ரசரில் மாவு நாலைந்து நாள் நிற்கிறது. சுமார் 5,500 அடிக்கு மேல் காற்று மெலிவதால் புரொபேன் சுடரும் தடுமாறும். கொலராடோ மலைகளில் முகாமிடுபவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. தீ அபாயத்தையும் சொல்லியாக வேண்டும்: 2006இல் டொமெடிக் லட்சக்கணக்கான கேஸ் ஃபிரிட்ஜ்களை இதற்காகவே திரும்ப அழைத்தது.

கம்ப்ரசருக்கு ஆகும் செலவு மின்சாரத்தில் இருக்கிறது. நடுத்தர அளவு ஃபிரிட்ஜ் ஒரு நாளைக்கு 50 முதல் 80 ஆம்பியர்-மணி (பேட்டரிக் கொள்ளளவை அளக்கும் அலகு) வரை குடிக்கும். நாங்கள் 200 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரியும் கூரையில் 400 வாட் சோலார் பலகையும் போட்டோம். ஃபிரிட்ஜைவிட இவற்றுக்குத்தான் அதிகம் செலவானது. அரிசோனா வெயிலில் மின்சாரம் மிஞ்சுகிறது. ஆனால் ஓரிகன் கடற்கரையில் உயர்ந்த மரங்களின் நிழலில், மேகமூட்டத்தில், மின் இணைப்பின்றி ஒரு வாரம் தங்குபவருக்கு என் கணக்கு பொருந்தாது. 20 பவுண்ட் புரொபேன் சிலிண்டர் ஒன்று கேஸ் ஃபிரிட்ஜைப் பத்துப் பன்னிரண்டு நாள் ஓட்டிவிடும். அந்த நிம்மதியைப் பேட்டரி தராது. உறைபனியும் அப்படித்தான்: லித்தியம் பேட்டரியைப் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. பனியில் நாங்கள் தொடர்ந்து தங்கியதில்லை என்பதால், அப்படித் தங்குபவர்களின் சொல்லை என் சொல்லைவிட மேலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

மாறுவதென்று முடிவு செய்தால் முதலில் பார்க்க வேண்டியது மின்கம்பி. கேஸிலும் 120 வோல்ட் வீட்டு மின்சாரத்திலும் மட்டும் ஓடும் பழைய ஃபிரிட்ஜுக்கு 12 வோல்ட் இணைப்பு கட்டுப்பாட்டுப் பலகைக்காக மட்டுமே. அந்தக் கம்பி பெரும்பாலும் மெல்லியது. அதிலேயே கம்ப்ரசரை மாட்டினால், பேட்டரி நிறைந்திருந்தாலும் கம்ப்ரசர் கிளம்பும் நொடியில் வோல்ட் சரிந்து, பேட்டரி தீர்ந்துவிட்டதாக எண்ணி அது நின்றுவிடும். டான்ஃபாஸ் என்ற நிறுவனத்தின் வகைக் கம்ப்ரசரில் பிழைகாட்டும் சிறு விளக்கு பொருத்தியிருந்தால், அது ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு தடவை மினுங்கும். பேட்டரியிலிருந்து ஃபிரிட்ஜ் வரை தடித்த கம்பியைத் தனியாக, அதற்கென ஒரு ஃபியூஸோடு இழுத்துவிடுங்கள்.