சேருவதற்கு எட்டுப் பக்கம், விலகுவதற்கு ஒரு பத்தி: எங்கள் வீட்டுவசதிச் சங்கத்தின் உறுப்பினர் விதிகள்

நான் குடியிருக்கும் வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கத்தின் உறுப்பினர் விதிகளுக்கு ஐந்துக்கு மூன்று தருகிறேன். சங்கத்தின் பெயர் வேண்டாம், நாளைக்கும் அதே படிக்கட்டில் ஏறி இறங்க வேண்டியவன் நான்.

சேர்க்கைப் பகுதியை உண்மையிலேயே நன்றாக எழுதியிருக்கிறார்கள். நுழைவுக் கட்டணம் திரும்பி வராது, பங்குத்தொகை நம் பெயரில் நிற்கும், பராமரிப்பு மாதாமாதம் தனி என்று மூன்றையும் பிரித்தே சொல்லிவிடுகிறார்கள். இவற்றை ஒன்றாகக் கலந்து 'மொத்தமாக இவ்வளவு கட்டுங்கள்' என்று சொல்லும் சங்கமாக இருந்தால் கொஞ்சம் உஷாராக இருங்கள். விண்ணப்பத்தை நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும், அதை எதிர்த்து, உறுப்பினர்கள் எல்லோரும் கூடும் பேரவையில் முறையிடலாம் என்பதும் இருக்கிறது. சர்வதேசக் கூட்டுறவுக் கூட்டமைப்பு 1995-ல் ஏற்றுக்கொண்ட ஏழு கொள்கைகளில் முதலாவதே பாலினம், சமூகம், இனம், அரசியல், மதம் பார்க்காமல் எல்லோரையும் சேர்க்க வேண்டும் என்பதுதான். ஆனால் கூட்டுறவுக் கடையில் எத்தனை பேர் வேண்டுமானாலும் உறுப்பினராகலாம், வீடோ கட்டிய அளவுதான், அதனால் இங்கே சேர்க்கை விதியைவிடக் காத்திருப்போர் பட்டியலைத்தான் முதலில் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். எங்கள் சங்கத்தில் அது விண்ணப்பத் தேதி வாரியாக அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படுகிறது. இடையில் யாராவது புகுந்தால் எல்லோர் கண்ணிலும் படும்.

ஓட்டு விஷயத்திலும் அடிப்படை சரி. எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டு, இங்கிலாந்தின் ராச்டேல் நகரத்துத் தொழிலாளர்கள் 1844-ல் கூட்டுறவுக் கடை திறந்த காலத்திலிருந்து வரும் வழக்கம். ஆனால் கணவனும் மனைவியும் சேர்ந்து பங்கு வாங்கினால் முதல் பெயருக்குத்தான் ஓட்டு, இரண்டாவது ஆள் இணை உறுப்பினர். விண்ணப்பத்தில் மேலும் கீழுமாக இரண்டு கட்டங்கள் இருக்கின்றன, மேலே எழுதப்படும் பெயருக்கு என்ன அதிகாரம் என்று பக்கத்தில் ஒரு வரி கிடையாது, எல்லோரும் பழக்கத்தில் கணவர் பெயரை மேலே எழுதிவிடுகிறார்கள். பேரவைக் கூட்டத்துக்குத் தவறாமல் வருவதும் வரவு செலவில் கேள்வி கேட்பதும் பெரும்பாலும் பெண்கள்தான், ஓட்டெடுப்பு என்றதும் அவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியிருக்கிறது. இந்த ஒன்றுக்காகவே அரை நட்சத்திரத்தைப் பிடுங்கிவிட்டேன்.

மீதி போனது விலகல் பகுதியில். சேருவதற்கு எட்டுப் பக்கம் எழுதியவர்கள் விலகுவதற்கு ஒரே ஒரு பத்தி எழுதியிருக்கிறார்கள், அதிலும் 'பங்குத்தொகை நிர்வாகக் குழு உகந்ததெனக் கருதும் காலத்தில் திருப்பித் தரப்படும்' என்று இருக்கிறது. உகந்த காலம் எது? புது ஆள் பணம் கட்டும் வரை என்பதுதான் நடைமுறை. கீழ்த்தளத்தில் இருந்த ஒரு குடும்பம் சாவியை ஒப்படைத்து, நிலுவை இல்லை என்று சான்றும் வாங்கிக்கொண்டு போன பிறகும் பணத்துக்காக அலைந்துகொண்டிருந்தது. விலகல் கடிதம் கொடுத்த நாளிலிருந்து இத்தனை நாளுக்குள் என்று ஒரு எண் இல்லாத விதி விதியே இல்லை, குழுவின் தயவு.

எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதையும் சேரும் முன்பே கேளுங்கள். சில சங்கங்களில் பங்கைச் சந்தை விலைக்கே விற்கலாம், சிலவற்றில் ஒரு கணக்கு வைத்து உச்சவரம்பு போட்டிருப்பார்கள், சிலவற்றில் போட்ட பணம் மட்டும்தான் திரும்பும். எங்களுடையது மூன்றாவது வகை. அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை, விலை ஏறாததால்தான் அடுத்து வருகிறவருக்கும் கட்டுப்படியாகிறது. வீடு சங்கத்துக்குச் சொந்தம், நம் கையில் இருப்பது பங்கும் குடியிருக்கும் உரிமையும் மட்டும் என்பதைச் சேரும்போதே நாலு பேர் முன்னால் வாய்விட்டுச் சொல்லிவிட்டால் பிறகு சண்டை வராது.

அப்புறம் நீக்கம். 'சங்க நலனுக்கு விரோதமாக நடந்தால்' நிர்வாகக் குழுவே ஒருவரை நீக்கலாமாம். விரோதம் என்றால் என்ன என்று எங்கும் விளக்கம் இல்லை. மாடிப்படியில் பூந்தொட்டி வைத்த பெரியவருக்கு இந்த விதியைக் காட்டித்தான் நோட்டீஸ் போனது! குடியிருப்பே பறிபோகிற விஷயம் என்பதால் முன்கூட்டியே நோட்டீஸ், நேரில் விளக்கம் சொல்ல வாய்ப்பு, கடைசியில் பேரவையில் ஓட்டெடுப்பு, இந்த மூன்றும் இருந்தே ஆக வேண்டும். எங்கள் விதியில் முதலாவது மட்டும் இருக்கிறது.

உள்வாடகை, நாமினி விதிகள் வழக்கமானவை, பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நாமினி கட்டத்தை மட்டும் காலியாக விட்டுவிடாதீர்கள்.

பணம் திருப்பித் தரக் காலக்கெடு கேட்டு ஒரு திருத்தத் தீர்மானம் கொடுத்திருக்கிறோம், விதியை மாற்ற மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். நிறைவேறினால் இன்னொரு நட்சத்திரம் போடுகிறேன்.